மணப்பெண் ஒரு முறை, மாமியார் ஒரு முறை

1939-ல் பத்மாவதியாக மணவறையில் அமர்ந்தவர், 1960-ல் அதே கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் தாயாக வந்தார். 'வசந்த மாளிகை' அம்மா என்று மட்டுமே தமிழர்கள் நினைவில் வைத்திருக்கும் பி. சாந்தகுமாரியின் வாழ்க்கை, நம் சினிமா நடிகைகளுக்கு வயதைக் கணக்கிடும் விதத்தின் கதையும்கூட.

நாராயணவனத்துக் கல்யாணம் இன்னும் முடிந்தபாடில்லை. சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில் புத்தூரை ஒட்டி, அருணா நதிக்கரையில் இருக்கிறது இந்த ஊர். தமிழர்கள் வாயில் நாராயணவரம். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை ஸ்ரீநிவாசன் கைப்பிடித்த தலம் இதுவே என்கிறது புராணம். திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ள கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலில் ஒரு பெரிய திருகைக் கல்லைக் காட்டுகிறார்கள். திருமணத்துக்காக அரைத்த கல் என்று நம்பிக்கை. கல்யாணச் செலவுக்கு மாப்பிள்ளை குபேரனிடம் வாங்கிய கடனுக்கான வட்டியைத்தான் திருமலை உண்டியலில் பக்தர்கள் இன்றும் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை.

இந்தக் கல்யாணத்தை இயக்குநர் பி. புல்லையா திரையில் இரண்டு முறை நடத்திவைத்தார். முதல் முறை, 1939-ல். தெலுங்குப் படம். மாப்பிள்ளை சி.எஸ்.ஆர். ஆஞ்சநேயலு, மணப்பெண் சாந்தகுமாரி, வயது 19. இரண்டாம் முறை, 1960 ஜனவரியில் வெளியான 'ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்மியம்'. மாப்பிள்ளை என்.டி. ராமராவ், மணப்பெண் சாவித்திரி. சாந்தகுமாரி இதிலும் உண்டு. ஆனால் மாப்பிள்ளைக்காகப் பெண் கேட்டு நாராயணவனத்துக்கு வரும் வளர்ப்புத் தாய் வகுளாதேவியாக. இருபத்தோரு வருட இடைவெளியில், தான் நடித்த மணப்பெண்ணுக்குத் தானே மாமியார் ஆகிவிட்டார்.

விசித்திரம் அதோடு நிற்கவில்லை. சாந்தகுமாரி பிறந்தது 1920 மே மாதம். ராமராவ் பிறந்தது 1923 மே மாதம். 'தாய்'க்கும் 'மகனு'க்கும் இடையே மூன்றே வயது வித்தியாசம். படம் வெளியானபோது தாய்க்கு நாற்பது நிறைந்திருக்கவில்லை.

பாட்டுக்காரப் பெண்

கடப்பை மாவட்டம் புரோதட்டூர் பக்கத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் சுப்பம்மா. சென்னையில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம் கர்நாடக சங்கீதமும் வயலினும் கற்றார். உடன் பயின்றவர்களில் ஒருவர் டி.கே. பட்டம்மாள். கச்சேரி மேடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பெண்ணை சினிமா வழியில் மறித்துக்கொண்டது.

அன்றைய சினிமாவுக்கு முதல் தேவை முகம் அல்ல, குரல். தென்னிந்தியாவில் பின்னணி பாடும் முறை 30-களின் கடைசியில்தான் எட்டிப் பார்த்தது. அதுவரை கேமரா முன்னால் நடிப்பவரேதான் பாடவும் வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் தெரியாத இடத்தில் ஒளிந்திருந்து வாசிப்பார்கள். ஒரு வரி பிசகினாலும் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும், பிலிமுக்குக் காசு. சங்கீதம் கற்ற பெண்களைப் படக் கம்பெனிகள் தேடி அலைந்தது இதனால்தான்.

அப்படித் தேடியவர்களில் ஒருவர் வேல் பிக்சர்ஸ் பி.வி. தாஸ். அவர் 1936-ல் எடுத்த 'மாயாபஜார்' என்கிற 'சசிரேகா பரிணயம்' படத்தில் கதாநாயகி சசிரேகை, பதினாறு வயது சுப்பம்மா. படத்துக்காக வைத்த பெயர்தான் சாந்தகுமாரி. அடுத்த ஆண்டே 'சாரங்கதரா'. அந்தப் படத்தின் இயக்குநர் நெல்லூர்க்காரர் புல்லையா. அதே ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. கல்யாணமான கையோடு நடிகைகள் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கமாக இருந்த காலத்தில், சாந்தகுமாரிக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பெரிய வெற்றி கிடைத்தது. கணவர் இயக்கத்தில், பத்மாவதி வேடத்தில்.

சாவித்திரிக்குப் போன இரண்டு வேடங்கள்

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி. 1936-ல் சாந்தகுமாரி நடித்த சசிரேகை, 1957-ல் விஜயா புரொடக்ஷன்ஸ் எடுத்த புகழ்பெற்ற 'மாயாபஜா'ரில் சாவித்திரிக்குப் போனது. தமிழ்ப் பதிப்பில் வத்ஸலா. 1939-ல் சாந்தகுமாரி நடித்த பத்மாவதியும் 1960-ல் சாவித்திரிக்கே போனது. ஒரு நடிகையின் இளமைக்கால வேடங்கள் இரண்டையும் அடுத்த தலைமுறையின் ஒரே நடிகை வாங்கிக்கொண்டார். அதில் ஒன்றைப் பக்கத்தில் நின்று ஆசீர்வதிக்கும் பாத்திரம் பழையவருக்கு.

இன்று நாம் சொல்லும் சசிரேகை சாவித்திரி. பத்மாவதியும் அவரே. அது சாவித்திரியின் திறமைக்கு உரிய பெயர். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 30-களில் எடுத்த தென்னிந்தியப் பேசும் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் எரிந்தது, மக்கியது. வெள்ளி எடுப்பதற்காக உருக்கப்பட்டதும் உண்டு. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964-ல்தான். முந்தைய தலைமுறை நடிகைகள் மறக்கப்பட்டதற்கு ரசிகர்களின் நன்றிகெட்டத்தனம் மட்டும் காரணமல்ல. நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய பிலிமே பாக்கி இல்லை.

முப்பதுக்குள் அம்மா

சாந்தகுமாரி தாய் வேடத்துக்கு வந்தது மெதுவாக நடந்த மாற்றம் அல்ல. 1949-ல் கே.வி. ரெட்டி இயக்கிய 'குணசுந்தரி கதா'வில் அவர் கர்வம் பிடித்த அக்கா இளவரசிகளில் ஒருவர். அடுத்த ஆண்டு எல்.வி. பிரசாத்தின் 'ஷாவுகாரு'. பின்னாளில் 'சௌகார்' ஜானகி என்றே பெயர் நிலைத்துவிட்ட ஜானகிக்கு இதுதான் முதல் படம். கதாநாயகன் ராமராவ். சாந்தகுமாரி? ஷாவுகாரின் மனைவி, அதாவது ராமராவின் தாய். 1949-ல் இளவரசி, 1950-ல் கல்யாண வயதுப் பையனின் அம்மா. அவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை.

வகுளாதேவி வேடம் ஏதோ ஒரு தடவை நேர்ந்த விபத்தல்ல என்பது இதிலிருந்து தெரியும். 1960-க்கு வரும்போது அவர் பத்து வருட அனுபவமுள்ள 'தாய்'.

ஆண்களுக்கும் இறக்கம் உண்டு என்று வாதிடலாம். உண்மைதான். 1939-ல் வேங்கடவனாக இருந்த சி.எஸ்.ஆர்., 1957 'மாயாபஜா'ரில் சகுனியாக நடித்தார். ஆனால் அப்போது அவருக்கு ஐம்பது வயது. அவருக்குப் பின் வந்த நாயகர்களுக்கு அந்த ஐம்பதும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. 1972-ல் 'படி பந்துலு' படத்தில் ராமராவுக்குப் பேத்தியாக நடித்த சிறுமி ஸ்ரீதேவி, 1979-ல் 'வேட்டகாடு' படத்தில் அவருக்கே ஜோடி. பேத்தி வளர்ந்து கதாநாயகி ஆகிவிட்டார். தாத்தா நாயகனாகவே இருந்தார். நம் சினிமாவின் கடிகாரம் பெண்களுக்கு மட்டும் வேகமாக ஓடியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஹாலிவுட்டின் அம்மாக்கள்

இது நம்மவர்களின் தனிச் சொத்து அல்ல. ஹாலிவுட்டில் மேரி ஆஸ்டர் 1941-ல் 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் துப்பறிவாளனையே மயக்கிக் கவிழ்க்கப் பார்க்கும் அழகி. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு படத்துக்காக ஆஸ்கரும் வாங்கினார். மூன்றே வருடம் கழித்து, 1944-ல் 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படத்தில் அவர் ஜூடி கார்லண்டுக்கு அம்மா. அதன் பிறகு எம்.ஜி.எம். கம்பெனியில் அம்மா வேடங்களே வரிசையாக வந்தன. அந்த அலுப்பை அவர் பிற்பாடு புத்தகமாக எழுதியபோது மறைக்கவில்லை. 1959-ல் ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில் கேரி கிராண்டின் தாயாக நடித்த ஜெஸ்ஸி ராய்ஸ் லாண்டிஸ், 'மகனை'விட ஏழு வயதுதான் மூத்தவர். அதை ஹாலிவுட்டின் வேடிக்கை என்று இன்றும் எழுதுகிறார்கள். மூன்று வயது வித்தியாசத்தில் நாம் அந்த வேடிக்கையை முறியடித்து, அதைக் கவனிக்காமலும் இருந்துவிட்டோம்.

ஆனால் மேரி ஆஸ்டருக்கு இல்லாத ஒன்று சாந்தகுமாரிக்கு இருந்தது. சொந்தக் கம்பெனி. மகள் பத்மாவின் பெயரால் கணவனும் மனைவியும் நடத்திய பத்மஸ்ரீ பிக்சர்ஸ்தான் 1960 படத்தை எடுத்தது. தெலுங்குத் திரையுலகம் புல்லையாவை 'டாடி' என்றும் இவரை 'மம்மி' என்றும் கூப்பிட்டது. அந்த அழைப்பில் வயதைவிட அதிகமாக இருந்தது தயாரிப்பாளர் என்கிற மரியாதை. அக்கினேனி நாகேஸ்வரராவ் முதன்முதலில் திரையில் தலைகாட்டிய 'தர்மபத்தினி' (1941) புல்லையாவின் படம். 1953-ல் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் சேர்ந்து நடித்த 'மனம்போல மாங்கல்யம்' படத்தை இயக்கியவரும் அவரே. நட்சத்திரங்கள் வந்துபோன வீட்டில் சாந்தகுமாரி வாய்ப்புக் கேட்டு நிற்க வேண்டிய நிலையில் இல்லை. அம்மா வேடத்தை அவர் தண்டனையாக அல்லாமல் தொழிலாக நடத்த முடிந்ததற்கு இந்தப் பாதுகாப்பு ஒரு காரணம்.

தொழிலாகத்தான் நடத்தினார். 1955-ல் 'அர்த்தாங்கி', அடுத்த ஆண்டு அதன் தமிழ் வடிவமான 'பெண்ணின் பெருமை'. இரண்டிலும் ஜமீன் வீட்டின் இளைய தாரம். அப்பாவியான மூத்த தாரத்துப் பிள்ளையை ஒதுக்கிவைத்து, தான் பெற்ற பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கும் தாய். தமிழில் மூத்தவர் ஜெமினி. கெட்டுப்போகும் இளையவர் சிவாஜி. வீட்டை நிமிர்த்தும் மருமகள் சாவித்திரி. கண்ணைக் கசக்கிக்கொண்டு பூஜை அறையில் நிற்கும் அம்மா அல்ல இவர். அந்தஸ்து, கோபம், பாரபட்சம் எல்லாம் உள்ள பெண். சாந்தகுமாரியின் சிறந்த வேடங்கள் இந்த ரகத்தில்தான் இருக்கின்றன.

1971-ல் தெலுங்கில் 'பிரேம நகர்', 1972-ல் அதே கதை தமிழில் 'வசந்த மாளிகை'. இரண்டிலும் கதாநாயகனின் தாய் அவர்தான். தெலுங்கில் மகன் நாகேஸ்வரராவ், தமிழில் மகன் சிவாஜி. 1945-ல் 'மாயலோகம்' படத்தில் நாகேஸ்வரராவோடு நடித்தவர், கால் நூற்றாண்டு கழித்து அவருக்கு ஜமீன் மாளிகையின் ராணியம்மா. மொழி மாறியது, மகன் மாறினார், அம்மா மட்டும் மாறவில்லை. செயலாளராக வேலைக்கு வந்த பெண்ணை மகன் காதலிப்பதைச் சகிக்காத அந்தத் தாயின் விறைப்பு இல்லையென்றால் கதையில் இடைவேளைக்குப் பிறகு வேலையே இல்லை. பாட்டும் வசனமும் மகனுக்கு, முடிச்சு அம்மாவிடம்.

எல்லைக்கோடும் ஒரு குரலும்

1960 படம் வெளிவந்த காலத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அந்த ஜனவரியில் படம் ஓடத் தொடங்கியது. ஏப்ரல் 1-ஆம் தேதி, படாஸ்கர் பரிந்துரைப்படி திருத்தணி சென்னை மாகாணத்துக்கு வந்தது. புத்தூர், நகரி, நாராயணவனம் ஆந்திரத்தில் தங்கின. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் பகுதியில் ஒரு கோடு விழுந்தது. தெலுங்கு சினிமாவோ அப்போதும் சென்னையில்தான் இருந்தது. திருமலையில் கோவிந்தனைத் தரிசித்த ஆந்திர பக்தர்கள் பஸ் பஸ்ஸாகச் சென்னைக்கு வந்து, தி.நகர் பசுல்லா சாலையில் ராமராவின் வீட்டு வாசலில் காத்து நின்று அவரையும் தரிசித்துவிட்டுப் போனார்கள். 1983-ல் அவர் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தபோது அரசியல் எழுதுபவர்கள் இந்த பஸ்களிலிருந்துதான் கதையைத் தொடங்கினார்கள்.

மணப்பெண்ணாக நடித்த சாவித்திரியின் கதை வேறு திசையில் போனது. கடனும் நோயுமாக, மாதக் கணக்கில் நினைவிழந்து கிடந்து 1981 டிசம்பரில் இறந்தார். 2018-ல் வந்த 'மகாநடி', தமிழில் 'நடிகையர் திலகம்', அவரை இன்றைய தலைமுறைக்கு மீட்டுக் கொடுத்தது. உச்சியும் சரிவும் உள்ள வாழ்க்கையைப் படமாக எடுக்கலாம். கடைசிவரை தொழிலைச் சரியாகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனவரைப் பற்றி யார் படம் எடுப்பார்கள்?

1985-ல் புல்லையா காலமானார். 1999-ஆம் ஆண்டுக்கான ரகுபதி வெங்கையா விருதை ஆந்திர அரசு சாந்தகுமாரிக்கு வழங்கியது. தெலுங்கு சினிமாவில் வாழ்நாள் பணிக்குத் தரும் பெரிய மரியாதை அது. 2006 ஜனவரி 16-ல் சென்னையில் மறைந்தார். வயது 85.

அவரைப் பற்றிய பேச்சில் அடிக்கடி விட்டுப்போவது அவருடைய பாட்டு. 1960-க்குள் பின்னணிப் பாடகிகளின் காலம் முழுமையாக வந்துவிட்டது. பி. சுசீலா, ஜிக்கி, பி. லீலா என்று குரல்களுக்குப் பஞ்சமில்லை. அந்தப் படத்திலேயே, திருமலை சந்நிதியில் பாடும் பக்தராக பாடகர் கண்டசாலா திரையில் நேராகத் தோன்றியதை இன்றும் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். வகுளாதேவியின் பாடல்களைப் பாடியவர் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள். சாந்தகுமாரியேதான். பெண்டியாலா நாகேஸ்வரராவ் இசையில், சாம்பமூர்த்தியிடம் கற்ற சங்கீதத்தை நாற்பதாவது வயதில் மகனுக்கான தாலாட்டாகவும் ஏக்கமாகவும் பாடினார். முகத்துக்குச் சினிமா வயது கூட்டிவிட்டது. குரலைத் தொட அதனால் முடியவில்லை.

புராணம் கொடுத்த இடம்

வகுளாதேவி முற்பிறவியில் யசோதை என்பார்கள். கண்ணனை வளர்த்தவளுக்கு அவனுடைய கல்யாணம் ஒன்றையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் குறை தீரவே கலியுகத்தில் வகுளாவாகப் பிறந்து, மாட்டிடையன் கோடரியால் தலையில் காயம்பட்டு வந்த ஸ்ரீநிவாசனுக்கு மருந்திட்டு, மகனாக ஏற்று, நாராயணவனத்துக்கு நடந்து போய்ப் பெண் பேசி முடித்தாள். இந்தக் கதையில் அம்மா ஓர் உதிரிப் பாத்திரம் அல்ல. அவளுடைய ஆசைக்காகத்தான் கல்யாணமே நடக்கிறது. புராணம் தாய்க்குக் கொடுத்த இந்த இடத்தை சினிமா பெரும்பாலும் கொடுப்பதில்லை. புல்லையாவின் படம் கொடுத்தது. அதனால்தான் வகுளா வேடம் சாந்தகுமாரிக்கு இறக்கமாகத் தெரியாமல் பத்மாவதியைவிடப் பெரிய வேடமாக அமைந்தது.

திருப்பதிக்குப் பக்கத்தில் பேரூரில் வகுளமாதாவுக்குக் குன்றின் மேல் ஒரு கோயில் உண்டு. மகனுடைய மலை உலகப் பணக்காரக் கோயில்களில் ஒன்றாக வளர்ந்துகொண்டிருந்த காலமெல்லாம் அம்மாவின் கோயில் இடிந்து கிடந்தது. நெடுங்காலக் கோரிக்கைக்குப் பிறகு தேவஸ்தானம் அதைப் புதுப்பித்து 2022-ல் குடமுழுக்கு நடத்தியது.

சினிமாவின் அம்மாக்களுக்கு அப்படி ஒரு திருப்பணி இன்னும் நடக்கவில்லை. கண்ணாம்பா, பண்டரிபாய், சாந்தகுமாரி என்று பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, 'அம்மா நடிகைகள்' என்று ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் கதாநாயகி. ஒவ்வொருவருடைய தாயும் வேறு மாதிரியான தாய். 1960 படம் அழியாமல் இருக்கிறது. பார்ப்பவர்கள் ராமராவின் கம்பீரத்தையும் சாவித்திரியின் வெட்கத்தையும் ரசித்துவிட்டு, வகுளா பாடும்போது மட்டும் கொஞ்சம் கூர்ந்து கேட்கலாம். எந்தக் கல்யாண வீட்டிலும் பெண் மாப்பிள்ளையை வாழ்த்திய கையோடு, பந்தியில் ஓடியாடிக்கொண்டிருக்கும் அம்மாவைத் தேடிப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே கிளம்புகிறோம்?